கறுப்பு ஜன்னலுக்குக் கலர் அடிப்போம்!

"அண்ணே... எல்லாம் போச்சுண்ணே!"

2012 மார்ச். மத்தியானம் ஒன்றரை மணி. போனில் என் சித்தி மகள். ஊர் திருச்சுழி. அருப்புக்கோட்டையில் பி.சி.ஏ. கடைசி வருஷம். சாதாரணமா எனக்குப் போன் போட்டா "ரீசார்ஜ் பண்ணி விடுண்ணே"ன்னுதான் ஆரம்பிப்பா. அன்னிக்கு ஆரம்பமே அழுகை.

விஷயம் இதுதான். மறுநாள் ப்ராஜெக்ட் சப்மிட் பண்ணணும். நாலு மாச உழைப்பு மொத்தமும் ஒரே ஒரு 4 ஜிபி பென் டிரைவில். (இன்னொரு காப்பி எடுத்து வைக்கலையான்னு கேட்காதீங்க. நான் கேட்டேன், அழுகை ரெண்டு மடங்காச்சு.) பிரிண்ட் எடுக்க ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கா. அங்கே சொருகிப் பார்த்தா, உள்ளே இருந்த ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிக் கிடக்கு. ஒவ்வொண்ணும் 1 கேபி.

"சென்டர் அண்ணன் ஃபார்மட் பண்ணிரலாம்ங்கிறாருண்ணே."

"அவரை எந்திரிக்கச் சொல்லு! நீ உட்காரு. மவுஸைத் தொடாத."

கரண்ட் கட் தலைவிரிச்சு ஆடின வருஷம் அது. பகலில் பாதி நேரம் மின்சாரம் இருக்காது. ரெண்டு மணிக்கு நிக்கும்னு ஊருக்கே தெரியும். அந்த சென்டர் யு.பி.எஸ். பத்து நிமிஷம் தாங்கினா பெரிய விஷயம். நான் இருந்தது மதுரையில். பஸ் ஏறி வந்து பார்க்கிற கதையெல்லாம் நடக்காது.

"விண்டோஸ் கீயோட ஆர் அழுத்து. சின்னதா ஒரு பெட்டி வரும். அதுல சி, எம், டி. என்டர்."

"கறுப்பா ஒண்ணு வந்திருக்குண்ணே. பயமா இருக்கு."

"அது ஒண்ணும் கடிக்காது. பென் டிரைவ் எந்த எழுத்துல இருக்கு? ஜி-யா? ஜி போடு, கோலன் போடு, என்டர்."

"கோலன்னா?"

"மேல ஒரு புள்ளி, கீழ ஒரு புள்ளி."

அப்புறம் அந்த நீளமான கட்டளை. கிரிக்கெட் கமெண்ட்ரி மாதிரி சொன்னேன். "அட்ரிப். ஏ, ரெண்டு டி, ஆர், ஐ, பி. ஒரு ஸ்பேஸ் விடு. மைனஸ் எஸ். ஸ்பேஸ். மைனஸ் ஹெச். ஸ்பேஸ். மைனஸ் ஆர். ஸ்பேஸ். நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம். ஸ்பேஸ். ஸ்லாஷ் எஸ். ஸ்பேஸ். ஸ்லாஷ் டி."

"ஸ்லாஷ் எங்கிட்டுச் சாஞ்சதுண்ணே?"

"கேள்விக்குறி இருக்குல்ல, அந்தக் கீ. ஷிஃப்ட் வேண்டாம். என்டர்!"

அமைதி. "ஒண்ணுமே வரலண்ணே. கீழ கோடு மட்டும் கண்ணைச் சிமிட்டுது."

இந்தக் கறுப்பு ஜன்னலோட குணம் அது. வேலை ஒழுங்கா நடந்தா வாயே திறக்காது. ஏதாவது தப்பு பண்ணினாத்தான் பேசும். (எங்க ஊர் கணக்கு வாத்தியார் ஒருத்தர் அப்படித்தான்.) அரை நிமிஷம் கழிச்சு ஜி-ன்னு திரும்பி வந்து நின்னுச்சு. இப்போ பென் டிரைவைத் திறந்து பார்னு சொன்னேன்.

"இருக்குண்ணே! எல்லா ஃபோல்டரும் இருக்குண்ணே!"

பின்னாடியே யு.பி.எஸ். "பீப் பீப்". கரண்ட் போயிருச்சு. பிரிண்ட் அன்னிக்குச் சாயங்காலம்தான் எடுத்தா. சப்மிஷன் தப்பிச்சுது.

எதுக்கு அந்த மைனஸ்?

அந்த வைரஸ் ஒரு ஃபைலையும் அழிக்கலை. நிஜ ஃபோல்டர்களுக்கு ரெண்டு முத்திரை குத்தி மறைச்சு வச்சிருந்தது. ஒண்ணு ‘ஹிடன்’, இன்னொண்ணு ‘சிஸ்டம்’. மறைச்ச இடத்தில் அதே பேரில் போலி ஷார்ட்கட்டை நிறுத்தி வச்சிருச்சு. அதை டபுள் கிளிக் பண்ணினா உங்க ஃபோல்டரும் திறக்கும், பின்னாடி வைரஸும் ஓடும். ரெண்டு முத்திரை இருக்கிறதால மவுஸ் வச்சுப் போய் ஹிடன் டிக்கை எடுக்கப் பார்த்தா அது சாம்பல் கலரில் மரத்துப் போய் நிக்கும். கமாண்டிலும் மைனஸ் ஹெச் மட்டும் தனியாக் கொடுத்தா ‘முடியாது’ன்னுதான் பதில் வரும். மைனஸ் எஸ்ஸையும் மைனஸ் ஹெச்சையும் ஒண்ணாக் கொடுக்கணும். மைனஸ்னா முத்திரையை எடு, பிளஸ்னா முத்திரையைக் குத்து. ஸ்லாஷ் எஸ் போட்டா உள்ளே உள்ளே இருக்கிற ஃபோல்டர் வரைக்கும் இறங்கும். ஸ்லாஷ் டி ஃபோல்டர்களையும் சேர்த்துக்கொள்ளும்.

இதில் வைரஸ் சாகாது, ஒளிச்சு வச்ச சொத்து மட்டும் வெளியே வரும். அப்புறம் ஷார்ட்கட்டை எல்லாம் திறக்காமலே அழிச்சிட்டு, ஆன்ட்டிவைரஸ் போட்டுத் துடைக்கணும். ஜெராக்ஸ் கடை, காலேஜ் லேப் என்று பென் டிரைவ் சுத்துகிற வரைக்கும் இந்தக் கட்டளைக்கு வேலை இருக்கு. நோட்டில் எழுதி வச்சுக்கங்க.

சொந்த வீடு மாதிரி

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் தங்கச்சி கையில் ஒரு லேப்டாப் வந்தது. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தது. அதில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இந்த ஸ்டார்ட்டருக்கு ஒரு வினோதமான கட்டுப்பாடு: டெஸ்க்டாப் வால்பேப்பரைக்கூட மாத்த விடாது! ஆணி அடிக்காதே, சுவத்துல கிறுக்காதேன்னு சொல்ற வாடகை வீட்டுக்காரர் மாதிரி. ஆனா கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கலர், எழுத்து, அகலம், உயரம் எல்லாம் நம்ம இஷ்டம். தங்கச்சிக்கு அந்த ஜன்னல் பயம் தெளிஞ்சதே அதுக்குக் கலர் அடிக்க ஆரம்பிச்ச பிறகுதான். ஜன்னலோட மேல் பட்டையில் ரைட் கிளிக், கடைசியில் ‘ப்ராப்பர்ட்டீஸ்’. வாங்க, ஆரம்பிக்கலாம்.

முதல்ல எழுத்து. பழைய மெஷினில் ‘ராஸ்டர் ஃபான்ட்’ங்கிற பொடி எழுத்து இருக்கும். அதைத் தூக்கிட்டு ‘கன்சோலாஸ்’ போடுங்க, சைஸ் 18 அல்லது 20. அழகுக்காகச் சொல்லலை. சின்ன எல்-லும் ஒண்ணாம் நம்பரும், பெரிய ஓ-வும் சைபரும் பழைய எழுத்தில் ஒரே மாதிரி இருந்து உயிரை எடுக்கும். கன்சோலாஸில் சைபருக்குள்ளே ஒரு குறுக்குக் கோடு உண்டு.

அடுத்து கலர். ஜன்னலிலேயே ‘கலர்’னு டைப் பண்ணி ஸ்பேஸ் விட்டு ரெண்டு எழுத்து கொடுத்தாப் போதும். முதல் எழுத்து பின்னணி, ரெண்டாவது எழுத்தோட நிறம். 0-லிருந்து 9, அப்புறம் ஏ-யிலிருந்து எஃப், மொத்தம் 16 கலர். 0ஏ கொடுத்தா கறுப்பில் பச்சை. ‘மேட்ரிக்ஸ்’ படம் பார்த்த எல்லாரும் முதல்ல அதைத்தான் போடுவீங்க, தெரியும். ரெண்டு நாள் போட்டுட்டு எடுத்திடுங்க! திருச்சுழி வெயிலில், வாசத் திண்ணையில் உட்கார்ந்து கறுப்பு ஸ்க்ரீனைப் பார்த்தா உங்க மூஞ்சிதான் தெரியும். பகலுக்கு எஃப்0, அதாவது வெள்ளையில் கறுப்பு. ராத்திரிக்கு 0இ, கறுப்பில் இளமஞ்சள். கண்ணுக்கு இதமா இருக்கும். (ரெண்டுக்கும் ஒரே எழுத்தைக் கொடுத்துப் பார்த்தவங்களும் உண்டு. விண்டோஸ் அவ்வளவு ஏமாளி இல்லை, மாத்தாது.)

‘ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் ‘க்விக் எடிட்’னு ஒண்ணு இருக்கும். டிக் பண்ணினா மவுஸால் இழுத்து எழுத்தைத் தேர்ந்தெடுக்கலாம், ரைட் கிளிக்கில் ஒட்டலாம். ஆனா இதில் ஒரு பொறி உண்டு. ஏதாவது வேலை ஓடிக்கிட்டு இருக்கும்போது ஜன்னலுக்குள்ளே தெரியாமக் கிளிக் பண்ணிட்டா, நீங்க எழுத்து தேர்ந்தெடுக்கப் போறீங்கன்னு நினைச்சு ஜன்னல் அப்படியே நின்னுடும். ‘ஹேங் ஆயிடுச்சு’ன்னு பவர் பட்டனை அமுக்கினவங்க எத்தனை பேர்! மேல் பட்டையில் ‘செலக்ட்’னு தெரியுதா பாருங்க. எஸ்கேப் அடிச்சா மறுபடி ஓடும்.

‘லேஅவுட்’டில் ‘ஸ்க்ரீன் பஃபர்’ உயரத்தைக் கூட்டிக்கங்க. விண்டோஸ் 7 வரைக்கும் அது 300 வரிதான், அதுக்கு மேலே ஓடினது போனதுதான். 3000 ஆக்கினா மேலே தள்ளிப் போய்ப் பார்க்கலாம்.

இப்போ எனக்குப் பிடிச்சது. ‘ப்ராம்ப்ட்’னு டைப் பண்ணி, ஸ்பேஸ் விட்டு, டாலர் டி, ஸ்பேஸ், டாலர் பி, டாலர் ஜி. என்டர். இனி ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் மணி தெரியும், அப்புறம் எந்த ஃபோல்டரில் இருக்கீங்கங்கிறது. எந்த வேலையை எத்தனை மணிக்கு ஆரம்பிச்சோம், எப்போ முடிஞ்சதுன்னு ஸ்க்ரீனைப் பார்த்தே சொல்லலாம். மூணு மணிக்குக் கட்டுன்னா, ரெண்டே முக்காலுக்குப் பெரிய காப்பியை ஆரம்பிக்க மாட்டோம் பாருங்க. ஜன்னலை மூடினா இது மறந்திடும். நிரந்தரமா வேணும்னா ‘செட்எக்ஸ்’, ஸ்பேஸ், ‘ப்ராம்ப்ட்’, ஸ்பேஸ், அப்புறம் அதே டாலர் சமாச்சாரத்தை டபுள் கோட்ஸுக்குள்ளே போட்டு ஒரு தடவை கொடுங்க. அடுத்த தடவை திறக்கிற ஜன்னலிலிருந்து வேலை செய்யும்.

இன்னும் ரெண்டு கீ. மேல் அம்புக்குறி போன கட்டளையைத் திரும்பக் கொண்டுவரும், எஃப்7 அடிச்சா மொத்தப் பட்டியலும் வரும். ஃபைல் பேரோட முதல் ரெண்டு எழுத்து அடிச்சு ‘டேப்’ அமுக்கினா மிச்சத்தை அதுவே எழுதிக்கும். டைப்பிங் தெரியாதுன்னு சாக்கு சொல்ல முடியாது.

(விண்டோஸ் 11 வச்சிருக்கிறவங்களுக்கு: சி.எம்.டி. கொடுத்தாலும் அது ‘விண்டோஸ் டெர்மினல்’ங்கிற புது ஜன்னலுக்குள்ளேதான் திறக்கும். மைக்ரோசாஃப்ட் 2019-ல் அறிவிச்சு, 2020 மே மாசம் முதல் முழுப் பதிப்பு விட்டது. அதில் கன்ட்ரோலோட கமா அழுத்தினா செட்டிங்ஸ். டேப் வசதி, பின்னணிப் படம் எல்லாம் உண்டு. டெர்மினலைத் தனியாத் திறந்தா வழக்கமா பவர்ஷெல் வந்து நிக்கும். அங்கே மேலே சொன்ன கலர் கட்டளை ஓடாது. சி.எம்.டி.-ன்னு அடிச்சு என்டர் தட்டிட்டு ஆரம்பிங்க.)

எண்பது எங்கிருந்து வந்தது?

அருப்புக்கோட்டைப் பிள்ளைங்களுக்கு ஒரு கேள்வி. விண்டோஸ் 7 வரைக்கும் இந்த ஜன்னலோட அகலம் சரியா 80 எழுத்து. விண்டோஸ் 10-ல்தான் 120 ஆச்சு. நூறு இல்லாம ஏன் 80?

பதில் நம்ம தெருவில்தான் ஓடிக்கிட்டு இருக்கு. தறி ஓடுற வீட்டில் ஜக்கார்டு பெட்டி பார்த்திருப்பீங்க. ஓட்டை போட்ட அட்டைகளைச் சங்கிலி மாதிரி கோத்து விட்டிருப்பாங்க. சுத்திக்கிட்டே வரும். ஓட்டை இருக்கிற இடத்தில் பாவு இழை மேலே தூக்கும், இல்லாத இடத்தில் கிடந்தபடி கிடக்கும். அப்படித்தான் பார்டரில் மாங்காயும் பூவும் விழுது. ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை. ஒண்ணு, சைபர்! ஃபிரான்ஸில் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. சார்லஸ் பாபேஜ் 1830-களில் தன்னோட கணக்கு இயந்திரத்துக்குத் திட்டம் போட்டப்போ, இந்த அட்டையைத்தான் எடுத்துக்கிட்டார். 1890-ல் அமெரிக்காவில் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க ஹெர்மன் ஹாலரித் ஓட்டை போட்ட அட்டைகளை இயந்திரத்தில் விட்டு எண்ணினார். அவரோட கம்பெனிதான் பின்னால் ஐ.பி.எம்.மோட ஒரு பகுதியானது. 1928-ல் ஐ.பி.எம். விட்ட அட்டையில் 80 பத்தி. ஒரு அட்டைக்கு 80 எழுத்து. அட்டைக்குப் பதிலா கண்ணாடித் திரை வந்தப்போவும் பழக்கம் விடலை. 1978-ல் வந்த விடி100 டெர்மினலில் 80, 1981-ல் வந்த ஐ.பி.எம். பிசியிலும் 80. அங்கிருந்து நம்ம ஜன்னலுக்கு.

அதனால நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை யாராவது "எனக்கும் கம்ப்யூட்டருக்கும் ரொம்ப தூரம்"னு சொன்னா நான் ஒத்துக்கறதா இல்லை. தாத்தா தினமும் கமாண்ட் கொடுத்துக்கிட்டுத்தான் இருந்தார். அட்டையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

நம்ம எழுத்துக்கு மட்டும் இடமில்லையா?

தங்கச்சி அந்த நீளமான அட்ரிப் வரியை நோட்பேடில் எழுதி, ‘பேட்’ ஃபைலா சேவ் பண்ணி வச்சுக்கிட்டா. மறுபடி மறுபடி டைப் பண்ண வேண்டாம் பாருங்க. அதுக்கு அவ வச்ச பேர் ‘காப்பாத்து’. தமிழிலேயே. எக்ஸ்ப்ளோரரில் அழகாத் தெரிஞ்சது. கறுப்பு ஜன்னலில் போய் ‘டிஐஆர்’ அடிச்சுப் பட்டியல் பார்த்தா, அந்தப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக் கட்டம் கட்டமா நிக்குது.

ரெண்டு காரணம். ஒண்ணு, அந்த ஜன்னலுக்குக் கொடுத்திருந்த எழுத்துருக்களில் தமிழே கிடையாது. அது சின்ன வியாதி. பெரிய வியாதி, அந்த ஜன்னலோட உடம்பே கட்டங்களால் ஆனது. டிசைன் போடுறவங்க கிராஃப் பேப்பரில் கட்டத்துக்கு ஒரு புள்ளி வைக்கிற மாதிரி, இதில் கட்டத்துக்கு ஒரு எழுத்து. ஆங்கிலத்துக்கு அது போதும். நமக்கு?

‘அருப்புக்கோட்டை’ன்னு எழுதுங்க. நம்ம கண்ணுக்கு 8 எழுத்து. யூனிகோடில் கம்ப்யூட்டர் சேர்த்து வைக்கிறது 15 குறியீடு. உயிர்மெய்யில் மெய்க்கு ஒண்ணு, உயிர்க்குறிக்கு ஒண்ணு. இதில் ‘கோ’வை எடுத்துக்கங்க. உள்ளே இருக்கிறது ரெண்டு குறியீடு, வெளியே தெரியவேண்டியது மூணு உருவம்: முன்னால இரட்டைக்கொம்பு, நடுவில் ‘க’, பின்னால கால். இதை எத்தனை கட்டத்தில் போடுவது? பழைய ஜன்னலுக்குப் பதில் தெரியாது. ‘சிஹெச்சிபி 65001’னு கொடுத்து யூனிகோடுக்கு மாத்தினாலும் எழுத்தைக் கோக்கத் தெரியாது. புது டெர்மினல்களில் தமிழ் தெரியுது. ஆனா ஒரு எழுத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் மாட்டுவண்டி போற அளவு இடைவெளி, இல்லேன்னா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும். லினக்ஸிலும் பல டெர்மினல்களில் இதே சண்டைதான்.

இத்தனைக்கும் நம்ம ஆட்கள் சும்மா இல்லை. முத்து அண்ணாமலை உருவாக்கின ‘எழில்’ நிரல்மொழியில் ‘பதிப்பி’ன்னு தமிழிலேயே கட்டளை கொடுக்கலாம். கட்டளை தமிழில் ரெடி, அதைக் காட்டுற ஜன்னல்தான் இன்னும் தடுமாறுது. விண்டோஸ் டெர்மினல் ஓப்பன் சோர்ஸ். லினக்ஸ் டெர்மினல்களும் அப்படித்தான். உள்ளே என்ன எழுதியிருக்குன்னு யாரும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வருஷா வருஷம் அதே லைப்ரரி மேனேஜ்மென்ட்டைத் தூக்கிட்டு வர்றவங்க, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். ‘கோ’ ஒழுங்கா நிக்கறதுக்கு ஒருத்தர் உட்கார்ந்து வேலை பார்க்கணும். அது தமிழ் தெரிஞ்ச ஒருத்தரா இருந்தா நல்லது.

கரண்ட் போனாலும் கவலையில்லை

மழையையும் கரண்ட்டையும் நம்பி எதையும் ஆரம்பிக்க முடியாத சீமை நம்மளது. கட்டு இப்போ குறைஞ்சிருச்சு. ஆனா உள்கிராமங்களில் நெட் சிக்னல் இன்னும் மாடியில் ஒரு மூலை, வேப்பமரத்தடியில் ஒரு மூலைன்னுதான் இருக்கு. இங்கேதான் மவுஸைவிட இந்த ஜன்னல் ஒசத்தி.

பெரிய ஃபோல்டரை மவுஸால் இழுத்துப் போட்டுக் காப்பி பண்றீங்க. 90 சதவீதத்தில் கரண்ட் போச்சு. மறுபடி முதலிலிருந்து. இதுக்கு விண்டோஸ் விஸ்டாவிலிருந்து கூடவே வர்ற கட்டளை ‘ரோபோகாப்பி’. ரோபோகாப்பி, ஸ்பேஸ், எங்கிருந்து, ஸ்பேஸ், எங்கே, ஸ்பேஸ், ஸ்லாஷ் இ, ஸ்பேஸ், ஸ்லாஷ் இசட். ஸ்லாஷ் இசட்தான் உயிர். பாதியில் நின்ன ஃபைலை விட்ட இடத்திலிருந்து தொடரும். முடிஞ்ச ஃபைல்களைத் திரும்பத் தொடாது. இதிலேயே ‘ஸ்லாஷ் எம்ஐஆர்’னு ஒண்ணு இருக்கு. மூலத்தில் இல்லாததைச் சேருமிடத்திலிருந்து அழிச்சிடும். புரியாம அதைப் போட்டுட்டு எனக்குப் போன் போடாதீங்க.

டவுன்லோடும் அப்படியே. லினக்ஸில் ‘டபிள்யூ-கெட்’, ஸ்பேஸ், மைனஸ் சி, ஸ்பேஸ், லிங்க். விண்டோஸ் 10-ல் 2018-லிருந்து ‘கர்ல்’ கூடவே வருது: கர்ல், மைனஸ் பெரிய சி, ஸ்பேஸ், வெறும் மைனஸ், ஸ்பேஸ், மைனஸ் பெரிய ஓ, ஸ்பேஸ், லிங்க். சிக்னல் போய் நின்னா மேல் அம்புக்குறி, என்டர். அந்த சர்வர் இடம் கொடுத்தா, விட்ட இடத்திலிருந்து இறங்கும். பெரிய ஃபைலை மூணு நாள் ராத்திரியில் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கின ஆட்கள் எனக்குத் தெரியும்.

லினக்ஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது. தங்கச்சி லேப்டாப்பில் விண்டோஸோட ‘பாஸ் லினக்ஸ்’ம் சேர்ந்து வந்தது, சென்னை சி-டாக்கில் உருவாக்கினது. எனக்குத் தெரிஞ்ச பையன்கள் முதல் வேலையா அதை அழிச்சிட்டுப் பாட்டு வைக்க இடம் எடுத்துக்கிட்டாங்க. வருத்தமா இருந்தது. இன்னிக்கும் ரேம் குறைஞ்ச பழைய லேப்டாப்புக்கு லேசான லினக்ஸ் ஒண்ணைப் போட்டா மூச்சு வாங்காம ஓடும். அங்கே இந்த ஜன்னல்தான் ராஜா. சொல்லிக் கொடுக்கத் தமிழில் ஆள் இல்லைன்னும் சொல்ல முடியாது. ‘கணியம்’ இதழ் 2012-லிருந்து இதைத் தமிழில் எழுதுது. து. நித்யாவோட ‘எளிய தமிழில் குனு/லினக்ஸ்’ புத்தகம் இருக்கு. விழுப்புரத்தில் ‘விஜிலக்’ங்கிற குழு கிராமத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வச்சுச் சொல்லிக் கொடுக்குது. அருப்புக்கோட்டையில் அப்படி ஒரு குழு ஆரம்பிக்க நாலு பேரும் ஒரு மொட்டை மாடியும் போதும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்த ஜன்னலில் ‘டெல்’ போட்டா ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேரா மேலோகம்தான். டெஸ்க்டாப்பில் ‘சோதனை’ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு, வேண்டாத ஃபைல் நாலை அதில் காப்பி பண்ணி, அங்கேயே விளையாடுங்க. அட்ரிப்பில் பிளஸ் ஹெச் போட்டு மறைங்க, மைனஸ் ஹெச் போட்டு வரவழைங்க. லேப்பில் ஃப்ரெண்டு மெஷினில் ‘ஷட்டவுன்’ கட்டளை கொடுத்து ஓட்ட நினைக்கிறவங்களுக்கு: ஷட்டவுன், ஸ்பேஸ், மைனஸ் ஏ கொடுத்தா அது நின்னுடும்னு அவங்களும் இதைப் படிச்சிட்டிருப்பாங்க.

தங்கச்சி இப்போ ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். போன மாசம் திருச்சுழி போயிருந்தேன். ஸ்டூல் மேலே லேப்டாப், திரையில் வெள்ளைப் பின்னணி, எழுத்து சைஸ் 24, ஓரத்தில் மணி. காதில் போன்.

"அழாத பாப்பா. கேள்விக்குறி இருக்குல்ல, அந்தக் கீ. ஷிஃப்ட் வேண்டாம்."